1800 சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள்: புதுசா, பழசா, இல்ல ஹார்டெயிலே போதுமா?

#1 · ஈசூன்காரன் · சிங்கப்பூர்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இப்ப காசு செலவு பண்ற நேரம் வந்துட்டதால வாயைத் திறக்கிறேன்.

வயசு 41, எடை 86 கிலோ, உயரம் 170 செ.மீ. இப்ப கையில இருக்கிறது பழைய ஹார்டெயில், அதாவது பின்னாடி ஷாக் இல்லாத மலைச் சைக்கிள்: 26 இஞ்ச் சக்கரம், முன்னாடி ஸ்பிரிங் ஃபோர்க், வி-பிரேக். சனிக்கிழமைன்னா செஸ்ட்நட் பூங்கா ட்ரெயில், எப்பவாவது புலாவ் உபின் தீவுக்குப் போய் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. புக்கிட் தீமா ட்ரெயில்ல வேர் வேரா வர்ற இடத்துல இடுப்பு கழண்டு போகுது. அதனால முன்னாடியும் பின்னாடியும் ஷாக் இருக்கிற ஃபுல் சஸ் வாங்கலாம்னு முடிவு. பட்ஜெட் 1800 வெள்ளி. வீட்டுல அனுமதி வாங்கினது 1500தான், மீதி 300 நான் பாத்துக்கிறேன்.

கண்ணுல பட்டது மூணு. ஒண்ணு, பாலிகன் சிஸ்கியு, சக்கரம் 120 மி.மீ. மேல கீழ போற வகை, புதுசு. ரெண்டாவது, பழைய சாமான் விக்கிற கேரோசல் ஆப்ல ஒரு ஜயன்ட் ட்ரான்ஸ், 2016 மாடல், 27.5 சக்கரம், 1150 வெள்ளி கேக்கிறார். மூணாவது, ஆன்லைன்ல பேர் கேள்விப்படாத பிராண்ட், கார்பன் ஃப்ரேம், 12 ஸ்பீட், ஃபுல் சஸ், 1300 வெள்ளி. படத்துல பாத்தா சும்மா அள்ளுது.

எது எடுக்கலாம்? நாலாவது வழி இருந்தாலும் சொல்லுங்க.


#2 · செஸ்ட்நட் செல்வி · சிங்கப்பூர்

மூணாவதைப் பாக்கவே வேணாம் அண்ணா. அதை யாராவது விளக்கமா சொல்வாங்க.

எனக்கு ஒரு சந்தேகம். டயர்ல காத்து எவ்வளவு வைக்கிறீங்க?


#3 · ஈசூன்காரன்

45 பிஎஸ்ஐ. குறைச்சா ட்யூப் பஞ்சர் ஆகுது.


#4 · செஸ்ட்நட் செல்வி

நினைச்சேன். உங்க இடுப்பு வலியில பாதி அந்த 45லதான் இருக்கு.

2.4 அகல டயர், ட்யூப்லெஸ், உங்க எடைக்கு முன்னாடி 23, பின்னாடி 26 பிஎஸ்ஐ வச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. நானும் ஹார்டெயில்தான் ஓட்டுறேன். செஸ்ட்நட், புக்கிட் தீமா ரெண்டுக்கும் அது தாராளம். இந்த ஊர்லயே உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, அது 164 மீட்டர்கூட இல்ல. நீளமா இறங்குற மலை நமக்கு எங்க இருக்கு? 1800 வெள்ளிக்குப் புது ஹார்டெயில் எடுத்தா காத்தடைக்கிற ஏர் ஃபோர்க், 29 சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏத்தற டிராப்பர் போஸ்ட் எல்லாம் ஒழுங்கா வரும். அதே காசுக்குப் புது ஃபுல் சஸ்னா பின்னாடி ஷாக் ஒண்ணுக்காக மத்த எல்லாத்தையும் மட்டமாப் போட்டுக் கொடுப்பாங்க.


#5 · கெத்தாம் கிழவன் · சிங்கப்பூர்

செல்வி சொல்ற காத்து விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா "ஹார்டெயில் தாராளம்"னு 26 வயசுல சொல்றது வேற, 41 வயசுல கேக்கிறது வேற தாயீ. எனக்கு 54.

தம்பி, பின்னாடி ஷாக்குன்னா குஷன் வச்ச சீட் மாதிரின்னு பல பேர் நினைக்கிறாங்க. சொகுசு ரெண்டாம்பட்சம். ஈர வேர் மேல ஏறும்போது ஹார்டெயில்ல பின்சக்கரம் ஒவ்வொரு வேர்லயும் ஒரு நொடி எகிறி, மண்ணை விட்டுடும். மிதி வெத்தா சுத்தும், காலை ஊனணும். ஃபுல் சஸ்ல சக்கரம் தனியா மேல கீழ போய்ட்டு வரும், ரப்பர் மண்ணை விடாது. உக்காந்தபடியே மிதிச்சு ஏறிடலாம். இடுப்புக்கு நிம்மதி அதுல இருந்துதான் வருது. கெத்தாம்ல கறுப்பு வைரக் குறி போட்ட கஷ்டமான பாதைப் பக்கம் போனா இன்னும் புரியும்.

இதுல ஒரு வில்லங்கமும் இருக்கு. எம்ஆர்டி ரயில்ல மடக்குற சைக்கிளை மட்டும்தான் விடுவான். கார் இல்லன்னா ஈசூன்ல இருந்து பூங்கா இணைப்புப் பாதையிலயும் ரோட்டுலயும் மிதிச்சேதான் ட்ரெயிலுக்குப் போகணும், திரும்பணும். பின்னாடி ஷாக் ஆடிக்கிட்டே இருந்தா அங்கேயே பாதி தெம்பு போயிடும். அதனால ஆடாம பூட்டி வைக்கிற லாக்-அவுட் நெம்புகோல் இருக்கிற ஷாக்கா பாரு. சக்கரத்தோட பயணம் 120, 130 மி.மீ. போதும். 150, 160ன்னு ஆசைப்படாதே. அது இந்த ஊருக்கு வெறும் பாரம்.


#6 · கோவை பெடல் · கோயம்புத்தூர்

இங்க வந்து பாருங்க சாமி. எங்க ஊர்ல ஃபுல் சஸ்பென்ஷன்னு சொன்னா யாருக்கும் தெரியாது, "டபுள் ஷாக்கப்சர்"னாத்தான் தெரியும். பன்னண்டாயிரம் ரூபாய்க்கு, நடுவுல சிவப்பு ஸ்பிரிங் ஒண்ணு, ரெண்டு பக்கமும் டிஸ்க், 21 கியர். பத்தாங்கிளாஸ் பசங்க எல்லாம் அதுக்குத்தான் அடம் பிடிப்பானுக. ஸ்பிரிங்ல 750னு எழுதியிருக்கும், ஒரு அங்குலம் அமுங்க 750 பவுண்டு வேணும்னு அர்த்தம். டேம்பர்னு ஒண்ணு உள்ள கிடையவே கிடையாது. அமுங்கினா அதே வேகத்துல திருப்பி உதைக்கும். பின்பக்கம் மடங்கற மூட்டு இருக்கே, பிவட், அதுல பேரிங் இல்ல, பிளாஸ்டிக் புஷ். ஆறே மாசத்துல பின்சக்கரம் தலையாட்டும்.

அதனால மூணாவது சைக்கிளைப் பத்தி என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதானுங்க. அந்த ஷாக் மேல யார் பேர் எழுதியிருக்கு?


#7 · ஈசூன்காரன்

படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். ஷாக்ல அந்த சைக்கிள் பிராண்ட் பேரேதான் ஸ்டிக்கரா இருக்கு. ஃபோர்க்லயும் அதே.


#8 · பேரிங் பாய் · சிங்கப்பூர்

அப்ப அந்தக் கதை முடிஞ்சுது. சீல் கிட் எங்க வாங்குவீங்க? அளவு யார்கிட்ட கேப்பீங்க? ஆயில் கசிஞ்ச அன்னைக்கே அது குப்பை. இதுல கார்பன் வேற. அலுமினியம் ஃப்ரேமை மட்டமா செஞ்சா வெல்டிங் ஓரத்துல கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கு. கார்பனை மட்டமா செஞ்சா உள்ள என்ன இருக்குன்னு அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. பழைய ஃபுல் சஸ் பலது என் கைக்குக் கழட்ட வருது. எல்லாரும் ஒரே இடத்துலதான் ஏமாறுறாங்க.

விளம்பரத்துல முதல் வரி எப்பவும் "12 ஸ்பீட்"தான். பளிச்சுன்னு ஒரு பெரிய கேசட், அதான் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, படம். நாமும் அதைத்தான் பாக்கறோம். ஆர்டி, அதாவது பின்னாடி கியர் மாத்தற டீரெய்லர், போனா புது ஷிமானோ டியோர் நூறு வெள்ளிக்குள்ள வந்துடும். செயின், கேசட், பிரேக் பேட் எல்லாம் தேயறதுக்குன்னே செஞ்ச சாமான். மாத்த முடியாதது மூணு: ஃப்ரேம், அதோட வடிவக் கணக்கு, அதுக்குப் பொருந்தற ஷாக் அளவு. காசை அங்க போடுங்க. 10 ஸ்பீட் மைக்ரோஷிஃப்ட் இருந்தாலும் பரவாயில்ல, 11 ஸ்பீட் டியோர் இருந்தா ராஜபோகம். எம்5100 டியோர் கேசட் பழைய எச்ஜி ஃப்ரீஹப்லயே (கேசட் மாட்டற சக்கர மையம்) ஏறும். 12 ஸ்பீட் டியோருக்குப் போனா மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேணும், பழைய சக்கரமா இருந்தா அங்க ஒரு செலவு முளைக்கும்.

அடுத்தது சர்வீஸ். ராக்‌ஷாக்ஸ் ஷாக், ஃபோர்க் செய்யற கம்பெனி. அவங்க கையேட்டுலயே போட்டிருக்காங்க. ஃபோர்க் கீழ்க்காலும் ஷாக்கோட ஏர் கேனும் (காத்து நிக்கிற உறை) 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை. முழு டேம்பர் சர்வீஸ் 200 மணி நேரத்துக்கு. ஃபாக்ஸ்ல 125 மணி நேரம் இல்ல வருஷத்துக்கு ஒரு தடவை. வாரம் மூணு மணி நேரம் ஓட்டறவருக்கு 50 மணி நேரம்னா நாலு மாசம். பழசு விக்கிறவங்க முக்காவாசி பேர் அதை வாங்கின நாள்ல இருந்து ஒரு தடவைகூட செஞ்சிருக்க மாட்டாங்க. "ஃபோர்க் சூப்பரா வேலை செய்யுது"ம்பாங்க. சர்வீஸ் கடைசியா எப்பன்னு கேளுங்க. பதில் வர எடுத்துக்கிற நேரத்துலயே விஷயம் தெரிஞ்சுடும்.

அப்புறம் பழசுல ஒளிஞ்சிருக்கிற தனி அளவுச் சமாச்சாரம். ட்ரெக் கம்பெனில ஒரு காலத்துல டிஆர்சிவின்னு ரெண்டு அறை ஷாக் வந்துது. ஸ்பெஷலைஸ்ட்ல பிரெயின்னு ஒரு ஷாக். கேனண்டேல்ல ஒத்தைக் கால் ஃபோர்க், லெஃப்டி. புதுசுல எல்லாமே அருமையான சாமான், நான் குறை சொல்லல. ஆனா பத்து வருஷம் கழிச்சு வாங்கறவருக்கு அது போனா கடைத்தெருவுல கிடைக்கிற சாதாரண ஷாக்கையோ ஃபோர்க்கையோ சுலபமாப் பொருத்த முடியாது. ஜயன்ட்லயும் அந்த வருஷங்கள்ல சில மாடல்களுக்கு ஓவர்டிரைவ் 2ன்னு ஃபோர்க் தண்டு மேல் முனை 1¼ இஞ்ச் வச்சான். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் மாத்தணும்னாகூட தேடணும். அந்த ட்ரான்ஸைப் பாக்கப் போனா முதல்ல ஸ்டெம்மைப் பாருங்க.

ஷாக் அளவும் அப்படித்தான். 2016ல இருந்து மெட்ரிக் அளவு வந்துது: 190×45, 210×50 மாதிரி. அதுக்கு முந்தினது 190×51, 200×51, 200×57. பழைய அளவும் கிடைக்குது, ஆனா தேர்வு வருஷத்துக்கு வருஷம் குறையுது. 26 சக்கர ஃபுல் சஸ் 500 வெள்ளிக்கு வரும், மனசு இழுக்கும், எடுக்காதீங்க. அதுக்கு நல்ல ஏர் ஃபோர்க் போட இன்னொரு சைக்கிள் காசு ஆகும்.


#9 · ஈசூன்காரன்

பாய், நேர்ல பாக்கப் போனா எதை எப்படிச் சோதிக்கிறதுன்னும் சொல்லிடுங்க. எனக்கு டயரை உதைச்சுப் பாக்கத்தான் தெரியும்.


#10 · பேரிங் பாய்

சைக்கிளை நிறுத்தி, சீட்டைப் பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க. சக்கரம் தரையை விடறதுக்கு முன்னாடி "டொக்"னு ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா, ஷாக் புஷ் இல்ல பிவட் பேரிங் போயிருக்கு. புஷ்னா சின்னச் செலவு. எதுன்னு பாக்க, இன்னொரு கையை ஷாக் மாட்டியிருக்கிற போல்ட் மேல வச்சு மறுபடி தூக்குங்க, விரலே சொல்லிடும்.

ஃபோர்க் ஸ்டான்ஷன்ல, அதான் மேல்பக்க வழவழப்புக் குழாய்ல, நகத்தை ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியற கோடு பரவாயில்ல, நகம் மாட்டினா அது கீறல், சீலைத் தின்னும். உள்பக்கம், அதாவது சக்கரம் பாத்த பக்கமும் ஓட்டணும். எல்லாரும் முன்பக்கம்தான் பாப்பாங்க.

ஷாக்ல ஏறி உக்காந்து எழுந்திருங்க. திரும்பி வரும்போது சளக் சளக்குன்னு சத்தம் வந்தா டேம்பர்ல காத்து கலந்திருக்கு. ரீபவுண்ட் குமிழைத் திருகினா ஷாக் திரும்பி வர்ற வேகம் மாறணும். மாறலன்னா உள்ள வேலை இருக்கு. லாக்-அவுட்டையும் போட்டுப் பாருங்க.

ஃப்ரேம்ல வெல்டிங் ஓரங்கள்: ஹெட் ட்யூப் கீழ, சீட் ட்யூபும் டாப் ட்யூபும் சேர்ற இடம், செயின்ஸ்டே பிவட் பக்கம். அழுக்கை ஈரத்துணியால துடைச்சிட்டுப் பாக்கணும். முடி மாதிரி கோடு பெயிண்ட்லயா உலோகத்துலயான்னு சந்தேகம் வந்தா, பேசாம நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. பேரம் பேசாதீங்க.

பிரேக் டிஸ்க் தடிமன் அளக்க ஒரு கேலிப்பர் எடுத்துப் போங்க. ஷிமானோ புதுசு 1.8 மி.மீ., 1.5க்கு வந்தா மாத்தணும். செயின் அளவுகோல்ல தேய்மானம் 0.5 தாண்டியிருந்தா 11, 12 ஸ்பீட்ல கேசட்டும் சேந்து போயிருக்க வாய்ப்பு. அடியில சீரியல் எண் சுரண்டியிருந்தா அங்கேயே கிளம்புங்க.


#11 · லண்டன் மழை · ஹரோ

தம்பி ஈசூன்காரன், இஞ்சை எங்கட பக்கம் நிலைமை வேற, ஆனா கதை ஒண்டுதான். நான் ஸ்வின்லி காட்டிலை ஓடுறன். இஞ்சை குறைஞ்ச காசுக்கு ஃபுல் சஸ் எண்டா கன காலமா எல்லாரும் சொல்லுறது காலிபர் பாஸ்நட், 130 மி.மீ. மற்றது வைட்டஸ் மிதிக். அந்த வைட்டஸ் வித்த விகிள் கம்பெனி 2023 ஒக்டோபரிலை முறிஞ்சு நிர்வாகிகளின்ரை கைக்குப் போட்டுது. அதுக்குப் பிறகு மலிவு விலையிலை கன வைட்டஸ் சந்தையிலை வந்தது. சைக்கிளிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா பின் பிவட்டிலை ஒரு சின்ன போல்ட் உடைஞ்சா ஆரிட்டைக் கேக்கிறது?

அதாலை நான் சொல்லுறது, பிராண்டைப் பாக்கிறதை விட, அந்த ஃப்ரேமுக்கு டீரெய்லர் ஹேங்கரும் பிவட் போல்டும் உங்கடை ஊர்க் கடையிலை கிடைக்குமோ எண்டு வடிவாப் பாருங்கோ. பாலிகனுக்கு உங்களிட்டைக் கடை இருக்குத்தானே? அது பெரிய விசயம்.

புதுசு வாங்கினா உத்தரவாதம் வரும். பழசிலை அநேகமா முதல் சொந்தக்காரருக்கு மட்டும்தான் ஃப்ரேம் உத்தரவாதம். அதை விலையிலை கழிச்சுப் பாக்க வேணும்.


#12 · ஜேபி தம்பி · ஜோகூர் பாரு

அண்ணன் எதுக்கு அங்க தேடறீங்க, இங்க வாங்க லா. ஜேபில பாலிகன் விக்கிற ரோடாலிங்க் இருக்கு, ரிங்கிட்ல வாங்கினா லாபம். அப்படியே மிதிச்சுக்கிட்டு காஸ்வே பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிடலாம்.


#13 · கெத்தாம் கிழவன்

தாண்டலாம், சுங்கத்துல 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டிட்டுத் தாண்டலாம். 48 மணி நேரத்துக்குள்ள திரும்பினா 100 வெள்ளி வரைக்கும்தான் வரிவிலக்கு. அதுக்கு மேல தங்கியிருந்தா 500. அதுவும் குடிமக்கள், பிஆர் (நிரந்தரவாசி), சுற்றுப்பயணிகளுக்கு. இங்க வேலை அனுமதிச் சீட்டுல, எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல இருக்கிறவங்களுக்கு அந்த விலக்கே கிடையாது. கணக்குப் போட்டுப் பாத்துட்டு லாபம் இருந்தா ஒழுங்கா அறிவிச்சு வாங்கிட்டு வா. உத்தரவாதம்னு வந்தா ஒவ்வொரு தடவையும் காஸ்வே ஜாம்ல நிக்கணும், அதையும் கணக்குல சேத்துக்கோ.


#14 · ஜேபி தம்பி

ஜாம் கணக்கைப் போட்டா எதுவுமே லாபம் இல்லண்ணே 😂


#15 · செஸ்ட்நட் செல்வி

எல்லாரும் ஃபுல் சஸ் வாங்கறதுன்னே முடிவு கட்டிட்டீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். பாய் சொன்ன சர்வீஸ் கணக்கை ரெண்டு வருஷத்துக்குப் போட்டுப் பாத்தீங்களா? ஃபோர்க், ஷாக், பிவட் பேரிங். வீவக அடுக்குமாடி வீட்டுல ஒன்பதாவது மாடியில யார் ஏர் கேனைக் கழட்டப் போறாங்க? ஹார்டெயில்ல ஃபோர்க் ஒண்ணுதான். சேறு பூசி வந்தா துடைச்சு வச்சிடலாம்.


#16 · கெத்தாம் கிழவன்

நியாயமான கேள்விதான் தாயீ. ஆனா "செலவு இருக்கு"ன்னு சொல்லு, "தேவை இல்ல"ன்னு சொல்லாதே. ரெண்டும் ஒண்ணில்ல. இடுப்பு வலிக்குதுன்னு ஒருத்தன் சைக்கிளையே விட்டுட்டா அந்த ஹார்டெயில் இலவசமாக் கிடைச்சும் பிரயோஜனம் இல்ல.


#17 · செஸ்ட்நட் செல்வி

சரி, இடுப்புக்காக விட்டுக் கொடுக்கறேன். 45 பிஎஸ்ஐக்காக விட்டுக் கொடுக்க மாட்டேன்.


#18 · பேரிங் பாய்

செல்வியோட கேள்விக்கு என் பதில்: அதுக்குத்தான் எளிமையான பின்கட்டமைப்பு எடுக்கணும். ஜயன்ட் ட்ரான்ஸ்ல மேஸ்ட்ரோ, மேலயும் கீழயும் ரெண்டு லிங்க், நிறைய பேரிங். மிதிக்க அருமையா இருக்கும், பேரிங் மாத்தற அன்னைக்கு அழுகை வரும். அதே கம்பெனி ஸ்டான்ஸ்ல ஃப்ளெக்ஸ்பாயின்ட்: ஒரே முக்கிய பிவட், பின் முனையில பேரிங்குக்குப் பதிலா ஸ்டே குழாயே லேசா வளைஞ்சு கொடுக்கும். பேரிங் குறைவு, செலவு குறைவு. ஸ்டான்ஸ்ல சில வருஷ மாடல்களுக்குப் பின்சக்கரம் க்விக் ரிலீஸ், அதை மட்டும் பாத்துக்கணும். மாரின் ரிஃப்ட் ஸோனும் ஒரே பிவட்டும் லிங்கும்தான், 29 சக்கரத்துல 125 மி.மீ. பயணம், பின்னாடி பூஸ்ட் 148ங்கிற அகலமான அச்சு அளவு, த்ரூ ஆக்ஸில். நம்ம ஊர் ட்ரெயிலுக்கு அளவெடுத்த மாதிரி.

பேரிங்குக்குச் சைக்கிள் கடைக்கே போகணும்னு இல்ல. அதோட சீல்லயே எண் அச்சடிச்சிருக்கும், 6902 மாதிரி. ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைகள்ல அந்த எண்ணைச் சொல்லி வாங்கிக்கலாம். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிறதாக் கேளுங்க.

அது சீக்கிரம் போறதுக்குக் காரணம் முக்காவாசி நாமதான். கார் கழுவற இடத்துல பிரஷர் ஜெட்டை எடுத்து நேரா பிவட் மேல அடிக்கிறது. கிரீஸ் வெளிய, தண்ணி உள்ள. வாளித் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். செம்மண் காயறதுக்குள்ள கழுவிட்டா தேய்க்கவே வேணாம்.


#19 · ஈசூன்காரன்

ட்ரான்ஸைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஆள் நல்ல மனுஷர், பொய் சொல்லல. ஃப்ரேம் சுத்தம், கோடு எதுவும் இல்ல. சீட்டைத் தூக்கினதும் டொக்குன்னுது. விரல் வச்சுப் பாத்தேன், ஷாக் போல்ட் அசையல, கீழ் லிங்க்ல தெரியுது. ஃபோர்க்ல இடது கால் உள்பக்கம் நகம் மாட்டுது. ஷாக் சர்வீஸ் எப்பன்னு கேட்டதுக்கு, "நான் வாங்கினவர்கிட்ட கேக்கணும்"னார். ஸ்டெம் பாய் சொன்ன அதே ஓவர்டிரைவ் 2. செயின் அளவுகோல் 0.75லயே விழுந்துடுச்சு. 950 வரைக்கும் இறங்கி வர்றார்.

ஆனா ஓட்டிப் பாத்தேன் பாருங்க, அடுக்குமாடிக்குக் கீழ படிக்கட்டு நாலு இறங்கினேன். இவ்வளவு நாள் நான் எதை ஓட்டிட்டு இருந்தேன்னு ஆயிடுச்சு.


#20 · பேரிங் பாய்

950ஓட செயின், கேசட், முழு பேரிங் செட், ஷாக் முழு சர்வீஸ், ஃபோர்க் மேல்பாகம் இல்லன்னா புது ஃபோர்க். எழுதிக் கூட்டிப் பாருங்க, 1800ஐத் தாண்டும். தாண்டின பிறகும் கையில இருக்கிறது 2016 ஃப்ரேம், பூஸ்ட் இல்லாத சக்கரம். அந்தப் படிக்கட்டு சுகம் அந்தச் சைக்கிளோடது மட்டும் இல்ல, ஃபுல் சஸ் எல்லாத்துலயும் கிடைக்கும். விட்டுடுங்க.


#21 · லண்டன் மழை

ஓம், விடுங்கோ. 2020இலை கொரோனா நேரம் உலகம் முழுக்கச் சைக்கிள் தட்டுப்பாடு, பழசுக்கும் வானத்து விலை. அப்ப ஆசையிலை வாங்கின ஆக்கள் இப்ப வீட்டிலை தூசி பிடிக்க வச்சிருக்கினம். 2020, 2021 மொடலாத் தேடுங்கோ. ஓடாத சைக்கிள் கனக்கக் கிடக்கும்.


#22 · ஈசூன்காரன்

லண்டன் அண்ணே, நீங்க சொன்னபடியே தேடினேன். தெம்பனிஸ்ல ஒரு ரிஃப்ட் ஸோன், 2021, எம் அளவு, 29 சக்கரம். டியோர் 11 ஸ்பீட், ராக்‌ஷாக்ஸ் ரீகான் ஃபோர்க். டிராப்பர் இல்ல. 1450 கேக்கிறார். டயர்ல ரப்பர் முள்ளு இன்னும் கழியல, அவ்வளவு கம்மியா ஓடியிருக்கு. அசல் பில் இருக்காம். புது சிஸ்கியு இன்னும் மனசுல ஓடுது, அதான் கேக்கறேன்.


#23 · கெத்தாம் கிழவன்

சிஸ்கியு நல்ல சைக்கிள், புதுசு, கடை பக்கத்துல. 1800க்குள்ள மனசுக்குப் புடிச்ச மாடல் தள்ளுபடில கிடைச்சா யோசிக்காம எடு. கிடைக்கலன்னா அதுல கீழ்ப்படி மாடலுக்கு இறங்காதே. இறங்கினா ஃபோர்க்லதான் கையை வைப்பாங்க. அப்ப ரிஃப்ட் ஸோன்தான் என் ஓட்டு. 1300னு ஆரம்பி.

ஒண்ணு கேளு, டிராப்பர் இல்லன்னு சும்மா விடாதே. 41 வயசுல சீட்டை உச்சியில வச்சு இறக்கத்துல இறங்கறதுதான் கீழ விழ வழி. பெடல் மிதிக்க சீட் உசரம் வேணும், இறங்கும்போது அது வயித்துல இடிக்கும். டிராப்பர் போட்டா ரெண்டுக்கும் வழி. சீட் ட்யூப் உள்விட்டம் 30.9ஆ 31.6ஆன்னு பழைய போஸ்ட்லயே எழுதியிருக்கும், பாத்து வாங்கு. கேபிள் உள்ள போக ஓட்டை இருக்கான்னும் பாரு.


#24 · ஈசூன்காரன்

எடுத்தாச்சு! 1340க்கு முடிஞ்சுது. பில்லைக் கையில கொடுத்தார், சீரியல் எண் ஒத்துப் போகுது. சீட்டைத் தூக்கினேன், சத்தமே இல்ல. ஸ்டான்ஷன் ரெண்டு பக்கமும் நகம் வழுக்கிட்டுப் போச்சு. டிஸ்க் 1.7 மி.மீ. மீதி இருக்கிற 460ல டிராப்பர், ட்யூப்லெஸ், ஷாக் பம்ப். சரிதானே?


#25 · பேரிங் பாய்

ஏர் கேன் சர்வீஸையும் சேத்துக்கங்க. ஓடாம நின்ன சைக்கிள்னா சீல் காஞ்சிருக்கும், ஆயில் எல்லாம் அடியில தங்கியிருக்கும். ஃபோர்க் கீழ்க்கால் ஆயிலும் மாத்திடுங்க. அது முடியாம கெத்தாம் போக வேணாம். ஷாக் பம்ப் முதல் செலவு, சாதா பம்ப்பை ஷாக்ல மாட்டிடாதீங்க.

காத்து வைக்கிற முறை: ஷாக்ல ரப்பர் வளையம் இருக்கும். அதை சீல் வரைக்கும் தள்ளிட்டு, ஹெல்மெட், தண்ணிப்பை எல்லாம் போட்டுக்கிட்டு, சுவர்ல கை வச்சு மெதுவா ஏறி உக்காருங்க. குதிக்காம இறங்குங்க. வளையம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளங்க. ஷாக் மேல ரெண்டு எண் இருக்கும், ரெண்டாவதுதான் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கற தூரம். அது 50ன்னா 15 மி.மீ. நகரணும், அதாவது 30 விழுக்காடு. கூட நகர்ந்தா காத்தை ஏத்துங்க. 86 கிலோவுக்கு 200க்குப் பக்கத்துல பிஎஸ்ஐ கேட்டாலும் பயப்படாதீங்க, அது ஷாக், டயர் இல்ல. பம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ஷாக்கைப் பத்து தடவை அமுக்கி விட்டு மறுபடி பாருங்க. உள்ள ரெண்டு அறைக்கும் காத்து சமமாப் போகணும், இல்லன்னா கணக்கு தப்பும்.


#26 · ஈசூன்காரன்

அளந்தேன். முதல்ல 21 மி.மீ. வந்துது. காத்தை ஏத்தி ஏத்தி 15க்குக் கொண்டு வந்தேன். இப்ப கீழ ரோட்டுல மிதிச்சா ஆட்டம் குறைஞ்சிருக்கு. ரீபவுண்ட் எங்க வைக்கிறது?


#27 · பேரிங் பாய்

உக்காந்தபடி நடைபாதை விளிம்புல இருந்து கீழ இறங்குங்க. பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி, ஒரு தடவை எழுந்து நிக்கணும். ரெண்டாவது தடவை ஆடினா குமிழை ஆமைப் படம் பக்கம் ஒரு க்ளிக். எழவே சோம்பேறித்தனமா இருந்தா முயல் பக்கம். வேர் அதிகமான ட்ரெயில்ல கொஞ்சம் முயல் பக்கமே நல்லது. மெதுவா வச்சா அடுத்தடுத்த வேர்ல ஷாக் எழ நேரமில்லாம அமுங்கியே கிடக்கும்.


#28 · செஸ்ட்நட் செல்வி

வாழ்த்துகள் அண்ணா. டயர்ல எவ்வளவு?


#29 · ஈசூன்காரன்

24, 27. சத்தியமா.


#30 · செஸ்ட்நட் செல்வி

ம்ம். சனிக்கிழமை மழை பெஞ்சிருந்தா வராதீங்க, ஈரத்துல ஓட்டினா ட்ரெயில் பள்ளம் விழுது. ஞாயிறு காலை ஏழு மணி, செஸ்ட்நட் கார் நிறுத்துமிடம். ஷாக் பம்ப் எடுத்துட்டு வாங்க, ஃபோர்க் காத்தை அங்க வச்சு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ மாத்திப் பாக்கலாம்.


#31 · ஜேபி தம்பி

அந்தப் பழைய 26 ஹார்டெயிலை என்ன பண்ணப் போறீங்கண்ணே? என் மச்சானுக்கு வேலைக்குப் போக ஒண்ணு வேணும். வி-பிரேக்னா இன்னும் நல்லது, பேடு எங்கயும் கிடைக்கும்.


#32 · ஈசூன்காரன்

80 வெள்ளி. ஸ்டாண்டும் மணியும் சேத்துத் தர்றேன். நீங்கதான் வந்து எடுத்துக்கணும், நான் காஸ்வே பக்கம் வர மாட்டேன்.